வெயில் காலுக்கு இறங்கிய நாள்

முதல் சில மாதங்கள், அந்த விளக்கின் கீழ் ஒரு பிள்ளையைக் கிடத்துவதற்கு நாங்கள் தாய்மாரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு, உங்கள் பிள்ளைக்கு விளக்குத் தேவையில்லை என்று சொல்வதற்குக் கெஞ்ச வேண்டியிருந்தது.

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளையொருத்தி என்னைத் தேடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். புதிய மருத்துவக் கருவிகள் ஓர் ஊருக்குள் வரும்போது அந்த ஊர் அவற்றை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது அவளுடைய ஆய்வு. "மிஸி, தொண்ணூறுகள்ல நீங்க வேல செய்யக்குள்ள எங்கட ஆக்கள்ட எதிர்ப்பு இருந்ததா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் விட்டுப்போவதில்லை.

ஓம், இருந்தது என்றேன். அவளுக்குத் திருப்தி. வேகமாக எழுதினாள். எழுதி முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, "ஆனா எதிர்ப்பால எங்களுக்கு ஒரு நட்டமும் வரல்ல மகள். வரவேற்பாலதான் வந்திச்சு" என்றேன். அவள் பேனையை நிறுத்தினாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் இலங்கைக் கிழக்குக் கரையின் மருதமுனைக்காரி. வாப்பாவுக்கு வீட்டில் தறி இருந்தது. மட்டக்களப்பில் தாதிப் பயிற்சி எடுத்தேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கப் படித்தது, வீட்டை நினைத்து அழுதது, பிறகு அழாமல் இருக்கப் பழகியது, அவ்வளவுதான். கல்முனைப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பொம்பிளைப் பிள்ளையை ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்புவதா என்று வாப்பாவின் தம்பிமார், என் சாச்சாமார், அவரிடம் வந்து குதித்தார்கள். கொஞ்சக் காலத்தில் அவர்கள் வீட்டுப் பிரசவங்களே வரத் தொடங்கின. "எங்கட புள்ள ஒராள் உள்ளுக்க இருக்கா" என்று வாசற்காவலாளியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு அதே சாச்சாமார் உள்ளே வந்தார்கள். அந்தக் காலத்தில் நானும் ஊருக்கு வந்த ஒரு புதுக் கருவிதான் என்று இப்போது தோன்றுகிறது.

என்னைப் போட்டது குழந்தைகள் அறைக்கு. பிரசவ வாட்டை ஒட்டிய நீளமான அறை. கிழக்குப் பக்கம் பெரிய யன்னல். அதைத் திறந்தால் கடற்காற்று டெட்டோல் மணத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அந்த அறைக்குப் பொறுப்பு பரமேஸ்வரி சிஸ்டர். காரைதீவுக்காரி. மெலிந்த உருவம், உரத்துப் பேச மாட்டா. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றோடொன்று மனம் கசந்திருந்த ஆண்டுகள் அவை. அந்தக் கசப்பை அறை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று எங்களுக்கு அவ ஒருபோதும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

சிஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுவா. இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்குவா. பிறகு பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கிழக்கு யன்னலடிக்குக் கொண்டுபோவா. பெருவிரலால் மூக்கு நுனியை மெல்ல அழுத்தி எடுப்பா. அழுத்திய இடத்தில் இரத்தம் திரும்பி வருவதற்கு முன்னால் ஒரு கணம் தோலின் உண்மையான நிறம் தெரியும். மஞ்சள் தெரிந்தால் அடுத்து நெஞ்சு. அதற்கடுத்து வயிறு, தொடை, முழங்கால், கடைசியாக உள்ளங்கால். பிறந்த பிள்ளைகளின் செங்கமாரி என்ற காமாலை முகத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிற ஒன்று. காலுக்கு வந்துவிட்டால் மூளைக்கு ஆபத்து. முதலில் போவது பெரும்பாலும் காது.

தாய்மார் காதில் விழும்படி சிஸ்டர் 'மஞ்சள்' என்ற சொல்லைச் சொல்வதில்லை. 'வெயில்' என்பா. "வெயில் எவடம் மட்டும் வந்திரிக்கு?" என்று கேட்பா. "தொப்புள் மட்டும் சிஸ்டர்" என்று நாங்கள் சொல்வோம். கட்டிலில் இருக்கிற தாய் யன்னலைப் பார்த்துவிட்டு, "ஓம் மிஸி, இண்டைக்கி நல்ல வெயில்தான்" என்பாள்.

விளக்கு வருவதற்கு முன் எங்களிடம் இருந்த வைத்தியம் அந்த யன்னல்தான். இளவெயிலில் பிள்ளையைக் கிடத்துவோம். அடங்காவிட்டால் மட்டக்களப்புக்கு அனுப்புவோம். பாதையில் எத்தனை சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றுவார்கள் என்பது அன்றன்றைய சண்டை நிலவரத்தைப் பொறுத்தது. போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்தன என்று சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள் மரப்பெட்டியில் விளக்கு வந்தது. எங்கிருந்தோ கிடைத்த உதவி. இரும்புத் தாங்கி, மேலே தகரப் பெட்டி, அதற்குள் வரிசையாக நீல டியூப்கள், கீழே ஒரு தொட்டில். பிள்ளையை உடுப்பில்லாமல் கிடத்தி, கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டி, விளக்கைப் போட்டுவிட வேண்டும். அந்த ஒளி தோல் வழியாகப் போய் மஞ்சளைக் கரைக்கும்.

முதல் பிள்ளையைக் கிடத்தியதுமே அறையில் கூச்சல். பிள்ளையின் பெரியம்மா வாசலில் நின்று நெஞ்சில் கையை வைத்தாள். "என்ன மிஸி இது? மௌத்தானவங்கட கண்ணுக்கு வெக்கிற மாதிரிப் பஞ்ச வெக்கிறீங்க! ஹயாத்தா இருக்கிற புள்ளக்கி!"

எனக்கு அந்தக் கணம்வரை அது தோன்றவில்லை. அவள் சொன்ன பிறகு எனக்கும் இறந்த பிள்ளை மாதிரித்தான் தெரிந்தது. வெள்ளைத் துணியில், கண்ணில் பஞ்சோடு, நீல ஒளியில், அசையாமல் ஒரு பிள்ளை. தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்தவர்களும் மறுத்தார்கள். புது டொக்டர்மார் வந்து விளக்கம் சொன்னார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

சிஸ்டர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம், "பரீதா, உங்கட வாப்பாட தறியில மிச்சத் துணி கிடக்குமா? நல்ல நிறமா?" என்று மட்டும் கேட்டா. நான் ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். சிவப்பு, பச்சை, சரிகை ஓரம் வைத்தது. உட்பக்கம் கறுப்புத் துணி, வெளிப்பக்கம் அந்தத் தறித்துணி என்று சிஸ்டர் தன் கையாலேயே சின்னச் சின்னக் கண்பட்டிகள் தைத்தா. இன்னொன்றும் செய்தா. விளக்கின் கீழ் வைப்பதற்கு முன்னால் தகப்பனை அறை வாசலுக்குக் கூப்பிட்டு, இன்னும் சொல்லாதிருந்தால், பிறந்த பிள்ளைக்குச் சொல்லும் தொழுகை அழைப்பான பாங்கை அதன் காதில் சொல்ல விட்டா. பாங்கு சொல்லி, பச்சைப் பட்டி கட்டி, தொட்டிலில் கிடத்தியபோது எங்கள் அட்டெண்டன் ஆசியா ராத்தா எட்டிப் பார்த்தா.

"மாப்புள்ள ரெடி. கறுப்புக் கண்ணாடியும் போட்டாச்சு. பொண்ணு எங்க?"

மௌத்து வீடு கலியாண வீடாகிவிட்டது. கட்டில்களில் இருந்த தாய்மார் சிரித்தார்கள்.

முதலில் முழு மனதோடு சம்மதித்த தகப்பன் நிஜாம் காக்கா. சாய்ந்தமருதில் லைட்டும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிறவர். கலியாணங்கள், பள்ளிவாசல் கொடியேற்றம், எல்லாவற்றுக்கும் அவருடைய டியூப்தான். தன் தலைப்பிள்ளையைக் கிடத்தியபோது அவர் பிள்ளையைப் பார்த்ததை விட விளக்கைத்தான் அதிகம் பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து, "நல்ல சாமான் மிஸி. வயர் எல்லாம் வெளிநாடு" என்று சான்றிதழ் கொடுத்தார். பிள்ளை தேறி வீட்டுக்குப் போனது. அதன்பிறகு அவர் லைட் கட்டப் போன கலியாண வீடெல்லாம் எங்கள் விளக்கின் கதைதான். டொக்டர்மார் சொல்லி நம்பாத ஊர், லைட்டுக்காரர் சொல்லி நம்பியது. லைட்டைப் பற்றி லைட்டுக்காரருக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு நிலைமை தலைகீழ். செங்கமாரி இல்லாத பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சளிக்கு, கண்ணூறுக்கு, பால் குடிக்காததற்கு. "என்ட ராத்தாட புள்ளக்கி வெச்சீங்க. என்ட புள்ளக்கி ஏன் வெக்கல்ல? நாங்க என்ன குறஞ்ச ஆக்களா?" என்று ஒரு தாய் என்னோடு மூன்று நாள் கதைக்காமல் இருந்தாள். விளக்கின் கீழ் இருந்த பிள்ளை வெளுப்பாக வரும் என்று வேறு யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பொம்புளப் புள்ள மிஸி. எப்பிடியும் நான் சீதனமா வீடொண்டு கட்டிக் குடுக்கத்தானே வேணும். கொஞ்சம் வெளுத்தா எனக்கிப் பெரிய உதவி."

"அப்ப முதல்ல உங்களப் படுக்க வெப்பம் காக்கா" என்றா ஆசியா ராத்தா. "உங்கட நிறம்தானே புள்ளக்கி வந்திருக்கி."

சிரித்துச் சிரித்து வேலை செய்த காலம் அது. அந்த அறையின் நீல வெளிச்சம் மாலையில் வெளி மதிலில் விழும். தெருவால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது ஓர் அழகாகவே ஆகிவிட்டது.

ஆனால் ஒன்று மெல்ல மாறியது. சிஸ்டர் மட்டும் ஒவ்வொரு காலையும் விளக்கை அணைத்து, பட்டியை அவிழ்த்து, பிள்ளையை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பெருவிரலை வைத்துப் பார்த்தா. நீல ஒளியில் மஞ்சள் தெரியாது என்பது அவவின் காரணம். இளம் தாதிமாருக்கு அது பழைய பழக்கமாகத் தெரிந்தது. "விளக்கு இருக்கக்குள்ள பின்ன என்னத்துக்கு விரல்?" என்று ஒருத்தி மெல்லமாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. அது பெரிய விடயமாக எனக்கும் படவில்லை.

இரண்டு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு எனக்கு மூன்றாவது தங்கியது. பிரசவ விடுமுறையில் வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் விளக்கின் டியூப்கள் ஒவ்வொன்றாக மினுங்கி மினுங்கிப் போயின. கொழும்புக்கு எழுதினார்கள். பதில் வரவில்லை. சிஸ்டருடைய தாயார் திருக்கோவிலில் கடும் சுகவீனம் என்று அவ லீவில் போயிருந்தா. பழைய டொக்டர் மாற்றலாகிப் போய், இளம் டொக்டர் ஒருவர் அப்போதுதான் வந்திருந்தார். அசல் விளக்கு எப்படி எரிந்தது என்று அவர் கண்டதில்லை.

செய்தி நிஜாம் காக்காவுக்குப் போனது. அவர் ஒரு கட்டு நீல டியூப்பைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குக் கட்டுகிற டியூப், புத்தம் புதிது. "காசு வேணாம், இது ஸதகா. என்ட புள்ளட ஹயாத்துக்கு நான் செய்ற நன்றி" என்று சொல்லித் தானே ஏறி மாட்டிக் கொடுத்தாராம். விளக்கைப் போட்டதும் அறையே கைதட்டியதாம். முன்பை விட நல்ல நீலம்.

அடுத்த கிழமை அதே ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். என் இரத்த வகையும் அவளுடையதும் ஒத்துப்போகவில்லை. மறுநாளே முகம் மஞ்சளித்தது. டொக்டர் உடனே விளக்கில் வைக்கச் சொன்னார். என் கணவர், அவர் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லாத்தானே இருக்கி பரீதா" என்றார். என் வாப்பாவின் தறித்துணியில் தைத்த பட்டியை என் மகளுக்குக் கட்டினார்கள். தொட்டிலுக்கு மேலே நீலம் பொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை தாய்மாரிடம் நான் சொன்னதை அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமில்லை, விளக்கில் இருக்கிறாள்.

இரத்தப் பரிசோதனைக்கு எங்கள் ஆய்வுகூடத்தில் மருந்து முடிந்திருந்தது. மாதிரியை வெளியே அனுப்பியிருந்தார்கள். முடிவு வரவில்லை. நாலாம் நாள் அவள் பால் குடிப்பது குறைந்தது. உறிஞ்சத் தொடங்குவாள், இரண்டு இழுப்பில் தூங்கிவிடுவாள். காதைச் சுண்டினால் கண் திறவாமல் மெல்லிதாக ஒரு கீச்சுச் சத்தம்.

"புள்ள பால் இழுக்குதில்ல" என்று பணியில் இருந்த தாதியிடம் சொன்னேன்.

"லைட்டுலதானே இருக்கா மிஸி. சூட்டுக்கு நித்திர வரும்."

ஆசியா ராத்தாவிடம் சொன்னேன்.

"லைட்டுல இருக்கிற புள்ளக்கி என்ன பயம்? நீங்களே இப்பிடிச் சொன்னா மத்தவங்க என்ன செய்ற?"

வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலடிக்கு வந்து முதலில் விளக்கை அண்ணாந்து பார்த்தார்கள். அது எரிந்தது. திருப்தியோடு போனார்கள். அன்று மட்டும் இல்லை, பல மாதமாகவே நாங்கள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஐந்தாம் நாள் காலை பரமேஸ்வரி சிஸ்டர் வந்தா. தாயாரின் கடைசிக் காரியத்தை முடித்துவிட்டுத் திருக்கோவிலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தா. தோளில் கைப்பை தொங்கியபடியே என் கட்டிலடிக்கு வந்து, "பொம்பிளப் பிள்ளையாம்? அல்லா கேட்டதத் தந்திரிக்கான்" என்று சிரித்தா. அவவின் துக்கத்தை விசாரிக்க நான் வாயெடுத்தேன். அவ கையால் தடுத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றினா. கைகளைத் தேய்த்தா. விளக்கை அணைத்தா.

என் மகள் யன்னலடிக்குப் போனாள். மூக்கு. நெஞ்சு. வயிறு. தொடை. சிஸ்டருடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. குனிந்து முழங்காலைப் பார்த்தா. உள்ளங்காலைப் பார்த்தா. மறுபடியும் உள்ளங்காலைப் பார்த்தா. எந்தப் பிள்ளைக்கும் இரண்டு தரம் பார்த்து நான் கண்டதில்லை.

"சிஸ்டர், வெயில் எவடம்?"

திரும்பியபோது என்னைத் தாதியாகப் பார்ப்பதா தாயாகப் பார்ப்பதா என்று அவ யோசித்தது எனக்குத் தெரிந்தது.

"காலுக்கு வந்திட்டு மகள்" என்றா. அதுவரை என்னை அவ மகள் என்று கூப்பிட்டதில்லை.

பிறகு விளக்கை அண்ணாந்து பார்த்தா. போட்டுப் பார்த்தா. தன் கையை அதன் கீழே நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இது எங்கட டியூப் இல்லையே" என்றா.

"நிஜாம் காக்கா தந்த புது டியூப் சிஸ்டர். முந்தினத விட நல்ல நீலம்" என்றாள் இளம் தாதி.

டொக்டர் ஓடி வந்தார். ஒரு டியூப்பைக் கழற்றச் சொல்லி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சத்தகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். நீலம் பொருக்காக உதிர்ந்து அவர் நகத்தில் ஒட்டியது. அடியில் வெள்ளை.

"மேல பூசின நிறம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "கண்ணுக்குத்தான் நீலம். புள்ளைக்குத் தேவையான ஒளிய இந்தப் பூச்சே குடிச்சிரும். மூணு நாளா இந்தப் புள்ள சும்மாதான் கிடந்திருக்குது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நானும் பாத்துட்டுத்தானே போனன்" என்றார்.

இரத்தம் மாற்ற வேண்டிவரலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அம்புலன்ஸ் சாரதி வெளியே போய் வந்து தலையை ஆட்டினார். விடியற்புறம் எங்கோ நடந்த ஏதோ ஒன்றினால் இரு பக்கமும் பாதை மூடியிருந்தது. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

டொக்டர் கூரையில் இருந்த டியூப்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "வெள்ள டியூப் எத்தின இருக்கு?" என்று கேட்டார். "சாதாரண டியூப். வீட்டுல எரியிறது. அந்த வெள்ளைக்குள்ள நமக்குத் தேவையான நீலம் கொஞ்சம் இருக்கு. நிறைய டியூப், கிட்டத்தில, சுத்திவர வெள்ளச் சீலை. பாதை திறக்கும் வரைக்கும் அதுதான் வழி."

நிஜாம் காக்காவுக்கு ஆள் போனது. ஏணியோடு வந்தார். தன் டியூப்கள் கழற்றிச் சுவரில் சாத்தியிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன சிஸ்டர், என்ட டியூப்ப ஏன் கழட்டின?"

சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உங்கட டியூப் கலியாண வீட்டுக்கு நல்லம். இதுக்குச் சரிவராது. பரீதாட பிள்ளைக்குக் கூடிட்டு."

அவருடைய முகத்தை நான் மறக்கவில்லை. என் கட்டிலின் பக்கம் திரும்பினார். "மிஸி... நான் உங்கட புள்ளக்கி நஞ்சு வெச்ச மாதிரி ஆயிட்டே, அல்லாவே."

சிஸ்டர்தான் சொன்னா. "நஞ்சில்ல. ஒண்டுமில்லாத ஒண்ட வெச்சிட்டீங்க. அது எரியிறத நாங்க எல்லாரும்தான் பாத்துக்கொண்டு நிண்டம். இப்ப ஏணிய வைங்க."

அவர் ஏறினார். வாட்டுக் கூரையிலிருந்து, தாழ்வாரத்திலிருந்து, டொக்டரின் அறையிலிருந்து, ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளை டியூப் எல்லாம் இறங்கியது. போதாததற்குத் தன் கடையிலிருந்தும் கொண்டுவந்தார். கீழும் பக்கமும் மேலுமாகக் கட்டினார். ஆசியா ராத்தா கட்டில் விரிப்புகளைச் சுற்றிவரத் தொங்கவிட்டா. போட்டதும் வந்த வெளிச்சத்தில் ஓர் அழகும் இல்லை. கடை வெளிச்சம் மாதிரி இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரி சத்தமாகவே சொன்னாள். "இது எங்கட குசினிக்குள்ள எரியிறது. இதுக்கா ஆஸ்பத்திரிக்கி வந்த? எங்களுக்கெண்டா நீலம்தான் வேணும்."

"உங்கட குசினிக்குள்ள புள்ளயக் கொண்டுபோய் அடுப்படியில வெச்சிப் பாருங்க கா" என்றா ஆசியா ராத்தா. அன்று அவவின் பகிடிக்கு அவவே சிரிக்கவில்லை.

அந்தப் பகலை நான் எப்படிச் சொல்வது? சிஸ்டர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டிலடியில் உட்கார்ந்தா. பிள்ளையைக் குப்புறவும் நிமிரவும் மாற்றி மாற்றிக் கிடத்தினா. தன் புறங்கையை உள்ளே வைத்து வெக்கையைப் பார்த்தா. நான் பாலைக் கறந்து கொடுத்தேன். அவ கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டா. விழுங்காத சொட்டுக் கடைவாயால் வழிந்தபோதெல்லாம் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டா. வெளியே தாழ்வாரத்தில் என் கணவர் யாசீன் ஓதிக்கொண்டிருப்பது கேட்டது. தாயை முந்தநாள் பறிகொடுத்த ஒருத்தி என் மகளுக்கு முன்னால் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தா.

பிற்பகலில் கரண்ட் போனது.

எங்கள் பக்கம் அந்த ஆண்டுகளில் கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. வெள்ளை வெளிச்சம் அணைந்ததும் அறை இருண்டு, விரிப்புகள் மட்டும் காற்றில் ஆடின. சிஸ்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலடிக்குப் போனா. ஆனால் சூரியன் மேற்கே போயிருந்தது. கிழக்கு யன்னலில் வெயில் இல்லை.

நிஜாம் காக்காவைக் காணவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் உழவு இயந்திரச் சத்தம். அது இழுத்து வந்த பெட்டியில் அவருடைய ஜெனரேட்டர், மேலே அவர். அன்று மாலை ஒரு கலியாண வீட்டுக்கு ஏற்றி வைத்திருந்ததை அப்படியே திருப்பிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் கலியாண வீட்டார் கத்திக்கொண்டு வந்தார்கள்.

"அட்வான்ஸ் எடுத்துப்போட்டு இப்பிடியா காக்கா செய்ற? மாப்புள்ள ஊர்வலம் எப்பிடிப் போற?"

"இருட்டுல போகச் சொல்லுங்க! பொண்ணு அங்கதானே இருப்பா. அவ எங்கயும் ஓடமாட்டா!" என்று கத்திக்கொண்டே அவர் வயரை யன்னலால் எறிந்தார். ஜெனரேட்டர் இரைந்தது. வெளிச்சம் வந்தது. மோட்டார் சைக்கிள்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் போய், அந்தக் கலியாணத்துக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாவையும் கொண்டுவந்து இறக்கினார்.

மறுநாள் விடிந்தபோது பாலை விழுங்கினாள். பிறகு உறிஞ்சினாள். பிறகு அழுதாள். கீச்சு இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. சிஸ்டர் யன்னலடியில் உள்ளங்காலை அழுத்திப் பார்த்து, "ம்" என்றா. "தோல் முதல்ல வெளுக்கும் சிஸ்டர், அத நம்பேலா" என்றார் டொக்டர். "தெரியும் டொக்டர். அதாலதான் 'ம்' எண்டன். இல்லாட்டி வேற சொல்லியிருப்பன்" என்றா. பாதை திறந்ததும் இரத்த மாதிரி போனது. மாலையில் முடிவு வந்தது. இறங்கத் தொடங்கியிருந்தது. இரத்தம் மாற்றத் தேவையில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒன்று சொன்னார். "மிஸி, காதக் கவனியுங்க. இப்ப தெரியாது. வளர வளரத்தான் தெரியும்."

அன்றிலிருந்து நான் அவளைப் பின்னாலிருந்து கூப்பிடத் தொடங்கினேன். சைக்கிள் மணி அடித்துப் பார்த்தேன். கரண்டியை விழுத்திப் பார்த்தேன். திரும்பினால், அதிர்வுக்குத் திரும்பினாளோ என்று சந்தேகம். திரும்பாவிட்டால் சோற்றை வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, காது பார்க்கிற புதுக் கருவி ஒன்று பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தது. கொண்டுபோனேன். இரண்டு காதும் நல்லது என்று சொன்னார்கள். கணவர் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். நானும் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவளுக்குப் பின் இருக்கையில்தான் உட்கார்ந்தேன். கருவி சரி என்றது. விளக்கும் எரியத்தான் செய்தது.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து அசல் டியூப்கள் வந்தன. பிறகு அதைவிடப் புதிய விளக்கு வந்தது. சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போனா. நிஜாம் காக்கா கடைசிவரை எந்தத் தெருவில் என்னைக் கண்டாலும் சைக்கிளை விட்டு இறங்கி, முதலில் கேட்பது, "மகள்ட காது?" என்றுதான். இறங்காமல் போங்க காக்கா என்று எத்தனையோ தரம் சொன்னேன். அவர் மௌத்தாகும்வரை இறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

சமூகவியல் படிக்கும் பிள்ளை மறுபடியும் வருவாள். அவளுக்குச் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். பயந்த தாய்மார் எங்களுக்கு நல்ல காவலாக இருந்தார்கள் மகள். அவர்கள் விளக்கை நம்பாததால் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு ஏன், உடுப்பு ஏன், பிள்ளை ஏன் அழவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்விகள் நின்றபோது புதுமை வேரூன்றிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். கேட்க ஆளில்லாமல் போனது என்பதைக் கவனிக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் முன் அறையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள், கையில் தொலைபேசி, காதுக்குள் ஏதோ வயர். நான் பேனையை வைத்துவிட்டு எழும்பி, அறை வாசலில் சத்தமில்லாமல் போய் நின்றேன்.

"கேக்குது உம்மா" என்றாள், திரும்பாமலே.

நான் இன்னும் கூப்பிடவேயில்லை.